பழைய அறிக்கையில் ஒரு வெற்றுக் கட்டம்

ரத்தப் பரிசோதனையின் முடிவு கைப்பேசிக்கு வந்தபோது நான் அலுவலக ஜன்னலோரம் அமர்ந்து அவித்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தேன். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வரும் சரக்குகளுக்குச் சுங்க ஆவணங்கள் தயாரித்துக் கொடுக்கும் சிறிய அலுவலகம் அது. மதியமானால் மற்றவர்கள் நடுமேசையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாக்களைத் திறப்பார்கள். ஒருவர் வீட்டுப் புளிக்குழம்பு இன்னொருவர் சோற்றில் விழும். ஒருவர் வீட்டு அவியல் மூன்று டப்பாக்களுக்குப் பயணம் போகும். என் டப்பாவில் நான்கு முட்டையும் ஒரு துண்டு பனீரும் வெண்ணெயில் வதக்கிய கீரையும் இருந்தன. குழம்பை வாங்க என்னிடம் சோறில்லை. என் முட்டையைக் கேட்பாருமில்லை. மாவுச்சத்தை விலக்கிக் கொழுப்பை உணவாக ஏற்ற நாள் முதலாக எனக்கு வாய்த்த இடம் அந்த ஜன்னல். அங்கிருந்து பார்த்தால் நிலக்கரிக் குவியல்களும் அவற்றின் மீது தண்ணீர் தெளிக்கும் குழாய்களும் தெரியும்.

அலுவலகத்தில் மூத்தவரான அண்ணாச்சி மட்டும் எப்போதாவது மேசையிலிருந்து குரல் கொடுப்பார்.

"தம்பி, மேடைக்கு மேடை சோத்தத் திட்டுதியே, அது ஒன்னைய என்னலே பண்ணிச்சு?"

"உடம்பைக் கெடுத்தது, அண்ணாச்சி."

"கெடுத்துச்சா! எனக்கு இந்த வயசு வரைக்கும் வழித்துணைக்கு வந்தது அது ஒண்ணுதாம்லே. அத நீ பேசுறப்ப, எங்க அம்மையப் பேசுன மாதிரில்லா இருக்கு."

மேசை சிரிக்கும். நான் பதில் வைத்திருப்பேன். பதில் இல்லாமல் நான் எந்த அவையிலும் அமர்ந்ததில்லை. கோயில் கொடை விழாக்களிலும் மாதா திருவிழாக்களிலும் பட்டிமன்ற மேடையேறிப் பழகியவன் நான். நோய்களுக்குக் காரணம் உணவா, உழைப்பின்மையா என்று எந்த ஊரில் வழக்கு வந்தாலும் உணவு அணியின் நிறைவுப் பேச்சு எனக்கென்றே ஒதுக்கப்படும். அரிசியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி நான் தொடுக்கும் கேள்விகளுக்கு உழைப்பு அணியார் திணறுவதை ஒலிபெருக்கி கடற்கரை வரை கொண்டுபோகும். என் உடம்பே என் சான்று என்று சொல்லிச் சட்டையின் தொளதொளப்பைப் பிடித்துக் காட்டுவேன். உடனே கைதட்டல் எழும். இரவில் பரோட்டாவும் சால்னாவுமாக வளர்ந்த தொப்பை ஓராண்டில் கரைந்திருந்தது. சர்க்கரை எல்லைக்கோட்டிலிருந்து இறங்கியிருந்தது. நான் சொன்னதில் பொய் இல்லை.

கைப்பேசியில் அறிக்கையைத் திறந்தேன். ட்ரைகிளிசரைடு எண்பத்தைந்து. நல்ல கொழுப்பான எச்.டி.எல். ஐம்பத்தெட்டு. இரண்டும் என் கட்சிக்காரர்கள். முதலாவது இறங்கவும் இரண்டாவது ஏறவும் வேண்டும் என்று நான் மேடையில் சொன்னபடியே ஒன்று இறங்கியும் ஒன்று ஏறியும் இருந்தன. அடுத்த வரியில், நூறை ஒட்டி நிற்க வேண்டிய கெட்ட கொழுப்பு, எல்.டி.எல்., இருநூற்று அறுபது என்றிருந்தது. அந்த எண்ணை மட்டும் தடித்த எழுத்தில் அச்சிட்டுப் பக்கத்தில் ஓர் அம்புக்குறியும் போட்டிருந்தார்கள். பாதி உரித்த முட்டையை டப்பாவில் வைத்து மூடினேன்.

மருத்துவரைக் காணச் சென்ற மாலையில், மேடைக்குப் போவது போலவே ஆயத்தமாகத்தான் போனேன். அவர் என்ன சொல்வார், அதற்கு நான் என்ன சொல்வேன், அதன்மேல் அவர் என்ன சொல்லக்கூடும் என்று மூன்று சுற்று வரை மனத்துக்குள் நடத்தி முடித்திருந்தேன். ஐம்பதைக் கடந்த பெண்மணி அவர். அறிக்கையை ஒருமுறை படித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். அவர் வாய் திறப்பதற்குள் நான் தொடங்கிவிட்டேன்.

ட்ரைகிளிசரைடு குறைந்து எச்.டி.எல். கூடியிருக்கும் ஒருவனுக்கு எல்.டி.எல். உயர்வு அச்சம் தரத்தக்கதன்று என்றேன். எல்.டி.எல். துகள்களில் சிறியவை, பெரியவை என்று வகையுண்டு; என்னுடையவை பெரியவையாகத்தான் இருக்கும்; பெரியவை ரத்தக்குழாய்ச் சுவரில் புகுவதில்லை என்றேன். கொழுப்பைச் சுமந்துசெல்லும் வாகனத்தைக் கொழுப்பின் குற்றத்துக்காகத் தண்டிப்பது முறையா என்று கேட்டு, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினேன். மின்விசிறி சுற்றியது.

"முடிச்சிட்டீங்களா, தம்பி?"

"இன்னும் ஒரு கருத்து—"

அவர் மேசை மணியை அழுத்தினார். நான் சட்டென்று நின்றுவிட்டேன். நடுவர் மணியடித்தால் வாக்கியத்தின் நடுவிலும் நிறுத்துவதுதான் மேடை ஒழுக்கம். அது எனக்கு உடம்பில் ஊறிப்போயிருந்தது. கதவைத் திறந்து எட்டிப்பார்த்த செவிலியிடம், அடுத்தவரைச் சற்று நேரம் காத்திருக்கச் சொல்லும்படி மட்டும் அவர் சொன்னார்.

"முதல் ரெண்டும் நல்லா இருக்கு. நான் மறுக்கல. எடை குறைஞ்சதும் நல்லது. ஆனா அது ரெண்டும் நல்லா இருக்கதுனால மூணாவது நல்லதாகிராது. லாரி பெருசா சிறுசான்னு கேக்கீங்க. துறைமுகத்துல வேலை பாக்கீங்க, ஒங்களுக்குத் தெரியாததா? ரோட்டுல லாரி இவ்வளவு கூடிப்போச்சுன்னா, பெருசோ சிறுசோ, ஒண்ணு இல்லாட்டி ஒண்ணு சுவத்துல இடிக்கத்தான செய்யும்? இந்தச் சாப்பாட்டுக்கு முன்னால எடுத்த ரிப்போர்ட் இருக்கா?"

இருந்தது. அதையும் ஒரு சான்றாகவே எடுத்துப் போயிருந்தேன். அதில் ட்ரைகிளிசரைடு நானூற்றைத் தாண்டிக் கிடந்தது. என் பழைய சீரழிவுக்கு அதைவிடச் சிறந்த ஆதாரம் இல்லை. மருத்துவரின் விரல் அந்த வரியைக் கடந்து போய் அதற்குக் கீழே நின்றது.

"எல்.டி.எல். கட்டம் காலியா இருக்கே. பாக்கலையா?"

நான் பார்த்ததில்லை. 'கணக்கிட இயலவில்லை' என்று பொடி எழுத்தில் குறிப்பு மட்டும் இருந்தது. அத்தனை மேடைகளில் அந்தத் தாளை உயர்த்திக் காட்டிய எனக்கு அது அன்றுதான் கண்ணில் பட்டது.

பெரும்பாலான பரிசோதனைக் கூடங்கள் எல்.டி.எல். அளவை நேரடியாக அளப்பதில்லை என்று அவர் விளக்கினார். மொத்தக் கொழுப்பிலிருந்து எச்.டி.எல். அளவையும் ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால் மிஞ்சுவதைத்தான் எழுதுகிறார்கள். ட்ரைகிளிசரைடு நானூற்றுக்கு மேல் போனால் அந்தக் கழித்தல் சரிவராது. கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுவார்கள்.

"அப்ப இந்த எல்.டி.எல். வெண்ணெயால வந்ததா, முன்னாலயே இருந்ததான்னு இந்தத் தாள் சொல்லாது. நூத்தித் தொண்ணூறுக்கு மேல கண்டா நாங்க குடும்பத்தக் கேப்போம். அப்பா?"

"இல்லை. நாற்பத்தாறு வயதில் தவறிவிட்டார். கடை வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார் என்பார்கள். வெயிலில் அலைந்தது என்றார்கள்."

மருத்துவர் அந்த வயதைத் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

"கூடப்பெறந்தவங்க?"

"ஓர் அக்கா."

"ஒங்கள மாதிரிதான் சாப்பிடுதாங்களா?"

"சோறுதான்."

"அப்ப அவங்க ரத்தத்தப் பாருங்க. அவங்களுக்கு இல்லன்னா ஒங்களுக்கு இல்லன்னு அர்த்தமாகாது. ஆனா இருந்துச்சுன்னா, அது அப்பா வழி வந்ததா இருக்க நெறய வாய்ப்பு. அவங்களுக்கும் உடனே மருந்து வேணும். நீங்க அதுவரைக்கும் சோத்துக்குத் திரும்ப வேண்டாம். வெண்ணெய், நெய், தேங்காயெண்ணெயக் குறைச்சு மீனும் கொட்டைகளும் காய்கறியுமா மாத்துங்க. ஆறு வாரம் கழிச்சு மறுபடி எடுப்போம்." பிறகு, எழுந்த என்னிடம், "அக்காகிட்ட சீக்கிரம் சொல்லுங்க. தள்ளிப் போடாதீங்க," என்றார்.

அக்காவும் நானும் பேசி ஓராண்டு ஆகியிருந்தது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

அக்காவைக் கட்டிக்கொடுத்திருப்பது ஆழ்வார்திருநகரியில். அத்தானும் அவளுமாக ஒரு பலசரக்குக் கடை நடத்துகிறார்கள். அம்மாவும் போன பிறகு எனக்கென்று உள்ள ஒரே வீடு அது. அங்கே சென்ற ஆண்டு அவள் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும், குத்தினார்கள். அது அழுது என் தோளை நனைத்தது. அதற்குப் பின் விருந்து. எங்கள் பக்கத்தில் முதல் பந்தியின் முதல் இலை தாய்மாமனுக்கு. அவன் சோற்றில் கை வைத்த பிறகுதான் மற்றவர்கள் கை வைப்பார்கள். வரிசையாக நாற்பது, ஐம்பது பேர் இலைக்கு முன்னால் காத்திருந்தார்கள். நான் பையிலிருந்து என் டப்பாவை எடுத்து இலையின் மேல் வைத்தேன்.

"மாப்ள, ஒரு வாய் மட்டும் அள்ளி வையும். பந்தி காத்துக் கெடக்கு," என்றார் அத்தான், மெல்ல.

ஒரு வாய் என்பதும் கொள்கை மீறலே என்றேன். அவர் ஏதோ சொன்னார். நான் அதற்கு மறுமொழி சொன்னேன். அந்த மறுமொழி நீண்டது. எதிர் வரிசையில் கடைசியில் இருந்த ஒருவர் கைகூடத் தட்டினார். அன்று நான் முன்வைத்த வாதங்களில் இன்றும் எனக்குப் பழுது தெரியவில்லை. ஆனால் நான் முடிப்பதற்குள் அக்கா சோற்று வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். என் டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்தாள். இலையை அப்படியே மடித்து எடுத்துக்கொண்டு போய், புதிய இலை ஒன்றைக் கொண்டுவந்து போட்டு, சித்தப்பாவை அழைத்து அந்த இடத்தில் உட்கார வைத்தாள். பந்தி தொடங்கியது. பிற்பகல் பேருந்தில் நான் திரும்பிவிட்டேன். அவள் அதன்பின் என்னை அழைக்கவில்லை. அழைக்க வேண்டியவள் அவள் என்று நானும் இருந்துவிட்டேன்.

விடை தெரியாத கேள்வியை மேடையில் கேட்கக்கூடாது என்பது எனக்கு நானே வகுத்துக்கொண்ட விதி. இப்போது என் வாழ்வில் முதன்முறையாக, விடை தெரியாத ஒரு கேள்வியை, என்னோடு பேசாத ஒருத்தியிடம், நானே போய்க் கேட்க வேண்டியிருந்தது. முகவுரை ஒன்றை மனத்தில் எழுதினேன். அது நன்றாக இருந்ததாலேயே அழித்தேன். வேறொன்று எழுதினேன். மாலையில் எல்லோரும் கிளம்பிய பிறகு, ஜன்னலோரத்து நாற்காலியில் உட்கார்ந்து அழைத்தேன்.

அவள் எடுத்தாள். கடையில் யாரோ அரைக் கிலோ உளுந்து கேட்கும் சத்தம் கேட்டது.

"அக்கா, நாந்தான்."

"பேரு தெரியுதுல்லா. சொல்லு."

"நீ ஒரு ரத்த டெஸ்ட் எடுக்கணும்."

"நானா? எதுக்கு? ஒன் கணக்குப்படி நாள் பூரா விஷத்தல்லா திங்குதேன். இன்னும் சாவல்லியேன்னு பாக்கப் போறியா?"

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. இரண்டு பதில்கள் இருந்தன.

"அப்பாக்கு வந்தது நமக்கும் இருக்குமான்னு டாக்டர் கேக்காவ, அக்கா."

உளுந்து நிறுக்கும் சத்தம் நின்றது.

"அப்பாக்கு வெயிலுல்லா?"

"வெயிலா இல்லாமலும் இருக்கலாம்."

"ஒனக்கு என்ன வந்துச்சு?"

எண்ணைச் சொன்னேன். கூடவா என்று கேட்டாள். கூடத்தான் என்றேன்.

"நெய்யா நக்கி நக்கி ஏத்திருப்ப."

"இருக்கலாம்."

இரண்டாவது முறையாக அந்தச் சொல்லை நான் சொன்னதை அவள் கவனித்திருக்க வேண்டும். நான் மேடையில் அனுமதிக்காத சொல் அது. நடுவர்களுக்கு உரியதென்று ஒதுக்கி வைத்திருந்த சொல்.

"ஏலே, ஒனக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லல்லா?" என்றாள் திடீரென்று, குரலைத் தாழ்த்தி.

"இப்ப ஒண்ணும் இல்ல."

"சரி. எடுத்துட்டு அனுப்புதேன். வைக்கேன், ஆளு நிக்கி."

சில நாட்கள் எதுவும் வரவில்லை. நான் வெண்ணெயை நிறுத்தினேன். சீலா மீனும் நிலக்கடலையும் வெண்டைக்காயுமாக உண்டேன். பிறகு ஒரு மதியம் அவள் அறிக்கையின் புகைப்படம் வந்தது. அதனுடன் ஒரு சொல்லும் இல்லை. எல்.டி.எல். இருநூற்றுப் பதினொன்று. அவளுக்கும் அம்புக்குறி போட்டிருந்தார்கள்.

அவள் மூன்று வேளையும் சோறும் இட்லியும் உண்கிறவள். நெய்யைக் கடையில் விற்பதோடு சரி. இதைப் பார்த்த மாத்திரத்தில், என் விருப்பத்தைக் கேளாமலே, ஒரு வாக்கியம் என்னுள் எழுந்து நின்றது: 'அவையோரே, வெண்ணெயைக் கண்ணால் காணாத உடம்பிலும் இதே குற்றம் இருக்குமாயின், வெண்ணெய் எவ்வாறு குற்றவாளியாகும்?' அதில் ஏற்ற இறக்கம் இருந்தது. கைதட்டலுக்கான இடைவெளியும் இருந்தது. அந்த இடைவெளியில் துறைமுகத்திலிருந்து ஒரு கப்பலின் சங்கொலி மட்டும் வந்தது.

நான் ஜெயித்திருந்தேன். கடை வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரின் ரத்தம் இரண்டு உடம்புகளில் ஓடிக்கொண்டிருந்தது என்பதுதான் அந்த வெற்றியின் பொருள். அவளுக்கு நூறு என்று வந்து, எல்லாம் என் வெண்ணெயின் வேலை என்றாகி, மேடைகளெல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். அதைச் சொல்ல அருகில் யாருமில்லை. நடுமேசையில் டப்பாக்கள் திறக்கப்பட்டுக்கொண்டிருந்தன. அண்ணாச்சி என்னைப் பார்த்து ஏதோ கேலியாகத் தொடங்கி, முகத்தைப் பார்த்துவிட்டு, நிறுத்திக்கொண்டார்.

அக்காவின் அறிக்கையையும் பார்த்துவிட்டு மருத்துவர் இருவருக்கும் மாத்திரை எழுதினார். என் எண் அக்காவினுடையதைத் தாண்டி நிற்கும் அந்த உபரிக்கு வெண்ணெய் பொறுப்பாக இருக்கலாம், ஆறு வாரத்தில் தெரியும் என்றார். அவரும் அதே 'இருக்கலாம்' என்ற சொல்லைத்தான் பயன்படுத்தினார். கடைசியாக, "அவங்களுக்குப் பிள்ளைங்க இருக்கா?" என்று கேட்டார்.

அக்காவும் குழந்தையும் காலைப் பேருந்தில் தூத்துக்குடி வந்தார்கள். பரிசோதனைக் கூடத்து வாசலில் நின்றிருந்தேன். ஓராண்டில் குழந்தை வளர்ந்திருந்தது; காதில் சிறிய தங்கப்பொட்டு மின்னியது. என்னைப் பார்த்து அம்மாவின் பின்னால் ஒளிந்தது. உள்ளே, ஊசியைக் கண்டதும் நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்தது.

"மாமா மடியில உக்காரு," என்றாள் அக்கா, என்னைப் பார்க்காமல். "அன்னைக்குக் காது குத்துறப்ப உக்காந்தல்லா?"

குழந்தை யோசித்தது. "அங்கன சோறு போட்டாவ. இங்கனயும் போடுவாங்களா?"

ரத்தம் எடுக்கும் பெண் சிரித்தாள். அக்கா சுவரிலிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உட்கார்ந்தேன், குழந்தை மடியில் ஏறியது. ஊசி இறங்கியதும் காதுகுத்தில் அழுதது போலவே, அதே தோளில் முகத்தைப் பதித்து அழுதது. முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் அக்கா, "பிள்ளைக்கு ரெண்டு இட்லி வாங்கிக் குடுத்துட்டு பஸ் ஏறணும். அத்தான் தனியா கடையில நிக்காவ," என்றாள். பிறகு, "நீ வர மாட்ட. ஒனக்கு ஆகாது," என்றாள். அதில் குத்தல் எதுவும் இல்லை. மழை வரும் என்று சொல்வது போலச் சொன்னாள். உடன் போய் எதிரே உட்கார்ந்திருக்கலாம் என்பது அவர்கள் தெருமுனை திரும்பிய பிறகுதான் எனக்குத் தோன்றியது.

குழந்தையின் அறிக்கை, எண் கொடுத்தவன் நான் என்பதால், சாயங்காலம் என் கைப்பேசிக்கு வந்தது. என் வாடகை அறையில் ஒரே ஒரு நாற்காலிதான் உண்டு. அதில் உட்காராமல் நின்றபடியே திறந்தேன். எல்.டி.எல். எண்பத்தெட்டு. பக்கத்தில் அம்புக்குறி இல்லை. பழைய பழக்கத்தில் மீண்டும் ஒருமுறை, இம்முறை பொடி எழுத்துக் குறிப்புகளையும் சேர்த்து, அடிவரை படித்தேன். பிறகு அழைத்தேன்.

"பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல, அக்கா."

மறுமுனையில் அவள் மூக்கை உறிஞ்சினாள். யாரிடமோ, "ஒண்ணும் இல்லியாம்," என்றாள், அத்தானாக இருக்கும்.

"சரி," என்றாள் என்னிடம். "நீ என்ன சாப்ட்ட?"

ஓராண்டாக எல்லோரும் என்னிடம் கேட்கும் கேள்வி அது. எல்லோருக்கும் நான் சொற்பொழிவாகப் பதிலளித்திருக்கிறேன்.

"சீலா மீன். வெண்டைக்காய்."

"வெண்ணெய்?"

"இல்ல."

"மாத்திர?"

"இனிமேதான்."

"போட்டுரு. நானும் போடணும்."

அடுத்த மாதம் அவர்கள் ஊரில் கோயில் கொடை. பந்தல்கால் நட்டிருப்பார்கள். வா என்று அவள் சொல்லவில்லை. வரட்டுமா என்று நானும் கேட்கவில்லை. கடைக்கு ஆள் வந்திருக்கும், வைத்துவிட்டாள். நான் அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கி எடுத்து, தண்ணீர் ஊற்றிக்கொண்டு, இந்நேரம் அவளும் போட்டிருப்பாள் என்று தோன்றும்வரை கொஞ்சம் காத்திருந்து, விழுங்கினேன்.